தாமதமாக வந்தவள் தட்டிய கதவு

போன வருடம் நவம்பர் கடைசியில், ஒரு சனிக்கிழமை மாலை. நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் தேவாலயத்தை ஒட்டியிருக்கும் சின்ன ஹாலில் நடந்தது இது. கையில் தீப்பெட்டியோடு நின்றவள் நான்தான். ஒரு குச்சியையும் உருவி எடுத்திருந்தேன்.

என் கணவர் மைன்ஸில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். நான் நாகர்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். டவுன்ஷிப்பில் பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் மதுரை, எதிர் குவார்ட்டர்ஸ்காரர் கோயம்புத்தூர் என்று ஆளுக்கொரு ஊர். நல்லது கெட்டதுக்கு ஓடி வர உறவுக்காரர்கள் கிடையாது. அதனால் எங்கள் சபையில் இருக்கும் பெண்கள்தான் எனக்கு அக்கா தங்கை எல்லாம்.

வருடத்தில் ஒரு ஞாயிறு ஆராதனையை நாங்கள் பெண்களே முழுக்க நடத்துவோம். பாட்டு, ஜெபம், வேதவாசிப்பு, செய்தி எல்லாமே. போன வருடம் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. போதகர் கொடுத்த தலைப்பைக் கேட்டதும் எனக்குத் திக்கென்றது. 'முடிவுக்கு ஆயத்தமாயிருத்தல்' என்றார். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்களில் ஆண்டவரின் வருகையைப் பற்றிப் பேசுவது வழக்கம்தான். குழந்தையாக வந்ததைப் பற்றி என்றால் குடில், நட்சத்திரம் என்று எதையாவது வைத்து ஒப்பேற்றிவிடலாம். திரும்பி வரப்போவதைப் பற்றி, உலக முடிவைப் பற்றி என்றால்? முன் வரிசையில் ரிட்டயர் ஆனவர்கள், பின் வரிசையில் போனைத் தடவிக்கொண்டிருக்கும் பிள்ளைகள். யார் முகத்தைப் பார்த்து அதைச் சொல்வது?

எங்கள் வீட்டு ஹாலில்தான் திட்டமிட உட்கார்ந்தோம். ஆளாளுக்கு ஒரு யோசனை. போர், பூகம்பம், வெள்ளம் எல்லாவற்றையும் பெரிய திரையில் காட்டலாம் என்றார்கள் சிலர். அப்படிக் காட்டினால் பிள்ளைகள் பயந்து அழும், பெரியவர்களுக்குப் பிரஷர் ஏறும் என்றார்கள் வேறு சிலர். எங்கள் பெண்கள் சங்கத்தின் செயலாளர் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். அவர்தான் கடைசியில் முடித்து வைத்தார்.

"பத்துக் கன்னியர் உவமையை நாடகமாப் போடுவோம். சின்னப்புள்ளைக்கும் புரியும்" என்றார்.

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கல்யாண மாப்பிள்ளையை எதிர்கொள்ளப் பத்துப் பெண்கள் விளக்கோடு காத்திருக்கிறார்கள். ஐந்து பேரிடம் கூடுதல் எண்ணெய் இருக்கிறது, ஐந்து பேரிடம் இல்லை. மாப்பிள்ளை வர நேரமாகிறது. இல்லாதவர்கள் எண்ணெய் வாங்க ஓடிய சமயத்தில் அவர் வந்துவிடுகிறார். இருந்தவர்கள் உள்ளே போகிறார்கள், கதவு அடைபடுகிறது. பிந்தி வந்தவர்கள் எவ்வளவு தட்டியும் திறக்கவில்லை.

அந்தக் கதவுதான் எனக்குப் பிடித்துப்போனது. ஆராதனையின் நடுவில் தேவாலயத்தின் பெரிய கதவைப் படாரென்று சாத்துவது, வெளியே ஐந்து பேர் தட்டித் தட்டிக் கூப்பிடுவது, உள்ளே சத்தமே இல்லாமல் இருப்பது என்று மனசுக்குள் ஒரு படமே ஓடியது. சபைக்கு எப்போதும் பிந்தி வருகிறவர்களுக்கும் கொஞ்சம் உறைக்கும் என்று டீச்சர் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

அவர் யாரை நினைத்துச் சொன்னார் என்று எல்லாருக்கும் தெரியும். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு தங்கை எங்கள் சபையில் உண்டு. நர்சரி பள்ளியில் வேலை. வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. அவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டிவிட்டு ஓடி வருவதற்குள் இரண்டாவது பாட்டு ஆரம்பமாகிவிடும். அன்றைக்குத் திட்டமிடும் கூட்டத்துக்கும் முடிகிற சமயத்தில்தான் வந்தாள். எண்ணெய் இல்லாத ஐவரில் அவளையும் ஒருத்தியாகப் போட்டிருக்கிறோம் என்று சொன்னதும் சிரித்துவிட்டாள்.

"எனக்கு ஏத்த வேஷந்தாங்க்கா. நடிக்கவே தேவயில்ல" என்றாள்.

ஒத்திகையை ஆராதனைக்கு முந்தின நாள் வைத்துக்கொண்டோம். அன்று மத்தியானத்திலிருந்தே மழை. சாரல் உள்ளே அடித்ததால் ஹாலின் ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டோம். கிறிஸ்துமஸுக்காக ஜன்னல் கம்பிகளுக்கு அந்த வாரம்தான் பெயின்ட் அடித்திருந்தார்கள், உள்ளே ஒரே பெயின்ட் வாடை. விளக்குத் திரி அணைந்துவிடக் கூடாது என்று ஃபேனும் போடவில்லை. மங்கலாக இருந்தால்தான் நாடகம் எடுபடும் என்று லைட்டும் போடவில்லை.

ஹாலை ஒட்டி ஒரு சின்ன சமையல் அறை இருக்கிறது. இடையில் கதவு கிடையாது, திரைச்சீலை மட்டும்தான். டீ போட டீச்சர் அங்கே ஒரு பெரிய பாத்திரத்தில் பாலை அடுப்பில் வைத்திருந்தார். அவசரப்படுத்தியது நான்.

"டீச்சர், சிம்ல வச்சிட்டு வாங்க. அது பாட்டுக்குக் காயட்டும்" என்று கூப்பிட்டேன். அவரும் வந்துவிட்டார்.

பாட்டுகளை ஒத்திகை பார்த்தோம். யார் எங்கே உட்காருவது, எப்போது எழுந்திருப்பது என்று சொல்லிக் கொடுத்தேன். இதில் நல்ல நேரம் போய்விட்டது. பாலை நாங்கள் சுத்தமாக மறந்துவிட்டோம். ஒரு அம்மா லேசாகத் தலை வலிக்கிறது என்றார். பெயின்ட் வாடைதான் என்று நான் சொன்னேன். பிறகு எல்லாரும் தரையில் வரிசையாக அகல்விளக்குகளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முத்தாண்டிக்குப்பத்துத் தங்கை இன்னும் வரவில்லை. அவள் இடத்தில் வெறும் விளக்கு மட்டும் இருந்தது.

"அவளுக்காகக் காத்திருக்க முடியாது. கதவைச் சாத்து, ஆரம்பிப்போம்" என்றார் டீச்சர்.

சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். மாப்பிள்ளை வருகிறார் என்று ஒருவர் குரல் கொடுக்க வேண்டும், உடனே நான் முதல் விளக்கை ஏற்ற வேண்டும். அதுதான் ஏற்பாடு. நான் குனிந்து தீக்குச்சியை எடுத்தேன்.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.

உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நாடகத்தில் வர வேண்டிய தட்டல், நிஜமாகவே வந்துவிட்டதே! டீச்சருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

"தட்டட்டும், விடு. நாளைக்கும் இதைத்தானே செய்யப்போறா" என்றார்.

நானும் சிரித்தேன். திரும்பக் குனிந்தேன். தட்டும் சத்தம் நிற்கவில்லை. "அக்கா, அக்கா" என்று கூப்பிடும் குரலோடு மழைச் சத்தமும் கேட்டது. வாசலில் மழைக்கு ஒதுங்க ஒரு சின்ன சன்ஷேட்தான் உண்டு. பாவம், பஸ் ஸ்டாப்பிலிருந்தே நனைந்துகொண்டு வந்திருப்பாள் என்று தோன்றியது. ஒத்திகைக்காக ஒருத்தியை மழையில் நிற்க வைப்பானேன்? தீப்பெட்டியையும் குச்சியையும் கையில் வைத்துக்கொண்டே போய்த் தாழ்ப்பாளை நீக்கினேன்.

சொட்டச் சொட்ட நனைந்தபடி ஒரு எட்டு உள்ளே வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முகம் மாறியது. சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அக்கா, கேஸு! கேஸ் நாத்தம் இம்மாங் குப்புனு அடிக்குது, யாருக்குமா தெரியல? அந்தக் குச்சியக் கீழ போடுங்க!"

எனக்கு எதுவும் தெரியவில்லை. சத்தியமாகப் பெயின்ட் வாடையைத் தவிர வேறு எதுவும் என் மூக்குக்கு எட்டவில்லை. ஆனால் திறந்த கதவு வழியாக வந்த ஈரக்காற்றை ஒரு மூச்சு இழுத்துவிட்டு ஹால் பக்கம் திரும்பியதும் எனக்கும் தெரிந்தது. அழுகின முட்டை மாதிரி, தொண்டையைக் கமற வைக்கும் அந்த நாற்றம். அதற்கு நடுவில்தான் அவ்வளவு நேரம் உட்கார்ந்து பாட்டுப் பாடியிருக்கிறோம்.

யாரோ பதற்றத்தில் எழுந்து ஃபேன் சுவிட்ச் பக்கம் கையை நீட்டினார்கள். வேலைக்குப் போகிற இடத்தில் பாதுகாப்பு, பாதுகாப்பு என்று என் கணவர் கேட்டு வந்து வீட்டில் தினமும் ஒப்பிப்பது அப்போதுதான் எனக்கு உதவியது.

"சுவிட்சைத் தொடாதீங்க! போனையும் எடுக்காதீங்க! எல்லாரும் அப்படியே வெளிய வாங்க!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

செருப்பைக்கூடப் போடாமல் எல்லாரும் மழையில் இறங்கினார்கள். நானும் அந்தத் தங்கையும் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனோம். சமையல் அறைக்கு வெளியிலிருந்தே ஒரு கதவு உண்டு. அவள் நனைந்த முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு, நான் தடுப்பதற்குள் உள்ளே போய் சிலிண்டரின் ரெகுலேட்டரை அடைத்தாள். நான் கதவையும் ஜன்னலையும் அகலத் திறந்துவிட்டேன். அடுப்பெல்லாம் பால். பொங்கி வழிந்து தீயை அணைத்திருக்கிறது. திருகு மட்டும் திறந்தபடியே. எவ்வளவு நேரமாக அப்படி இருந்ததோ, ஆண்டவருக்குத்தான் தெரியும்.

இருவரும் சேர்ந்து சிலிண்டரை மரத்தடிக்கு உருட்டிக்கொண்டு வந்தோம். அதன் பிறகு தேவாலயத்தின் போர்டிகோ படியில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். எல்லாரும் இருந்தோம். ஒரு காயம் இல்லை, ஒரு கீறல் இல்லை. யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை, திடீரென்று எல்லாரும் சிரித்தோம். அழுகையும் சேர்ந்து வருகிற சிரிப்பு. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. முகத்தை மூடிக்கொண்டு குலுங்கி அழுதார். பாலை வைத்தது அவர். தட்டட்டும் விடு என்று சொன்னதும் அவர். அந்தத் தங்கை பக்கத்தில் போய் உட்கார்ந்து ஈரக் கையால் அவர் முதுகைத் தடவினாள்.

"அழுவாதீங்க டீச்சர். ஒண்ணும் ஆவல. எல்லாரும் நல்லாத்தான நிக்கிறோம்?"

பிறகு என் பக்கம் திரும்பி, ஏதோ சந்தேகம் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"பஸ்ஸுல அந்தக் கதையப் படிச்சிகினே வந்தேங்க்கா. எண்ணெ வச்சிருந்தவங்க, இல்லாதவங்க, பத்துப் பேருமே தூங்கிட்டாங்கன்னு போட்டிருக்கு. நாமளும் அப்டித்தான் போல."

எத்தனையோ வருடமாக நான் படித்த பகுதி. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த பகுதி. புத்தியுள்ளவர்களும் தூங்கித்தான் போனார்கள் என்பது அன்றைக்குத்தான் என் மண்டையில் ஏறியது. கதவுக்கு உள்ளே இருந்தோம், நேரத்துக்கு வந்திருந்தோம், விளக்கு, எண்ணெய் எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தோம். மூக்கு மட்டும் தூங்கிவிட்டது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து போதகர் குடையோடு ஓடி வந்தார். நடந்ததைக் கேட்டதும் அங்கேயே நின்றபடி நன்றி ஜெபம் செய்தார். எனக்கு ஒரு கவலை உறுத்திக்கொண்டே இருந்தது. கதவைச் சாத்துகிற காட்சி இனி வேண்டாம் ஐயா, ஆனால் அதை எடுத்துவிட்டால் உவமையையே மாற்றினதாக ஆகிவிடாதா என்று கேட்டேன்.

"கதவு ஒரு நாள் அடைபடும்மா. அது வேதத்துல இருக்கு, அத நாம மறைக்க முடியாது. ஆனா அடைக்கிற வேலைய ஆண்டவர் நமக்குக் கொடுக்கல. அவர் வர்ற வரைக்கும் ஒருத்தர ஒருத்தர் தட்டி எழுப்புறதுதான் நம்ம வேலை" என்றார்.

அந்தப் படியிலேயே உட்கார்ந்து ஆராதனையை மாற்றினோம். டீ இல்லை. போதகர் வீட்டிலிருந்து வந்த முறுக்கைக் கடித்துக்கொண்டு, ஈரப் புடவையோடு, எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினோம். நான் நடத்தின கூட்டங்களிலேயே அவ்வளவு கலகலப்பான கூட்டம் வேறு இல்லை.

மறுநாளும் தூறல்தான். இரண்டாவது பாட்டு ஆரம்பமானது, முத்தாண்டிக்குப்பத்துத் தங்கை வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். பெரிய கதவு விரியத் திறந்திருந்தது. வாசலில் டீச்சர் குடையை விரித்துக்கொண்டு கேட்டைப் பார்த்தபடி நின்றார். பாட்டின் கடைசிச் சரணத்தில் இருவரும் ஒரே குடைக்குள் வந்தார்கள். டீச்சர் அவளைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார்.

செய்தி கொடுக்க நான் நிறைய எழுதி வைத்திருந்தேன். அதை எடுக்கவே இல்லை. முந்தின நாள் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். பிறகு எல்லாரும் எழுந்து, வாசலில் கொடுத்திருந்த அகல்விளக்கைப் பக்கத்தில் இருப்பவரின் விளக்கிலிருந்து ஏற்றிக்கொண்டார்கள். ஜன்னல் எல்லாம் திறந்திருந்ததால் காற்றில் சில விளக்குகள் அணைந்துகொண்டே இருந்தன. அணைய அணையப் பக்கத்தில் இருப்பவர் ஏற்றிக்கொடுத்தார். அதை நாங்கள் திட்டமிடவில்லை. யாரும் சொல்லாமலே நடந்தது.

ஆராதனை முடிந்ததும் ரிட்டயர் ஆன ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். "முடிவைப் பத்தின பிரசங்கம் கேட்டா எனக்கு ரெண்டு நாளைக்குச் சோறு இறங்காதும்மா. இன்னிக்கு என்னமோ நல்லாப் பசிக்குது" என்று சொல்லிவிட்டு வேகமாக வீட்டைப் பார்த்து நடந்தார். எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு யாரும் தந்ததில்லை.

முன்பெல்லாம் கடைசி நாளைப் பற்றி நினைத்தால், நான் சரியாக இருக்கிறேனா, என் கணக்குத் தீர்ந்திருக்கிறதா என்று என்னைப் பற்றி மட்டும்தான் யோசிப்பேன். இப்போது அந்த எண்ணம் வரும்போதெல்லாம், பக்கத்தில் இன்னும் யார் வந்து சேரவில்லை என்று என் கண் தானாகவே தேடுகிறது. தேடத் தொடங்கியதும், என்ன காரணமோ, பயம் போய்விடுகிறது.