பக்கத்துக் கடைக்கு வந்த சோதனை

கோவில்பட்டியில் பம்புசெட் மோட்டார்களும் உதிரிபாகங்களும் விற்கும் கடை எங்களுடையது. வியாபாரம் கணவர் பொறுப்பு, கணக்கு என் பொறுப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் கொழுந்தனின் கடை. பாகம் பிரித்தபோதே வரிப் பதிவையும் தனித்தனியாக மாற்றிக்கொண்டோம்.

போன வருஷம் ஒருநாள், புதூரிலிருந்து வந்த விவசாயிக்கு பில் போட்டுக்கொண்டிருந்தேன். வரி அதிகாரிகள் உள்ளே நுழைந்து, "யாரும் போனைத் தொடாதீங்க" என்றார்கள். சோதனைக்கான உத்தரவைக் கேட்டேன். காட்டினார்கள். கடைப் பெயர், கதவு எண் இரண்டுமே கொழுந்தனுடையவை.

"சார், இது பக்கத்துக் கடை. எங்க பதிவே வேற."

"ஒரே குடும்பம்தானேம்மா? ஒத்துழைப்புக் கொடுங்க."

"குடும்பம் ஒண்ணுன்னா உத்தரவும் ஒண்ணாயிருமா?"

கணவர் குறுக்கே வந்தார். "ஏட்டி, சும்மா இரு. அவியகிட்ட என்ன வாக்குவாதம்?" அதிகாரிகளைவிட அவர்மேல்தான் எனக்கு அப்போது ஆத்திரம் வந்தது.

கம்ப்யூட்டரையும் பில் புத்தகங்களையும் கட்டினார்கள். சாட்சிக் கையெழுத்துக்கு எதிர் ஜவுளிக்கடை பாயைக் கூப்பிட்டார்கள். எடுத்த பொருட்களைப் பட்டியலிட்ட மகஜரை அவர் நிதானமாகப் படித்தார். எல்லாம் கொழுந்தன் கடையில் எடுத்ததாக எழுதியிருந்தது.

"எந்தக் கடையில எடுத்தீங்களோ அந்தக் கடைன்னு எழுதுங்க சார், போடுதேன்" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர்கள் வேறு யாரையோ கூட்டிவந்து கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

கணக்கு கையில் இல்லாததால் அந்த மாத ரிட்டர்னைத் தாக்கல் செய்ய முடியவில்லை. ஏன் செய்யவில்லை என்று அதே துறையிலிருந்து நோட்டீஸ் வந்தது. நகலாவது எடுத்துக்கொள்கிறேன், அதற்கு எனக்கு உரிமை உண்டு என்று எழுதிக் கொடுத்தேன். திருநெல்வேலி அலுவலகத்துக்குப் போகும்போதெல்லாம் "ஃபைல் மேல போயிருக்கு" என்பதே பதில்.

மதுரையில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். "சோதனை செல்லாதுன்னு வாதாடலாம்மா. ஆனா செல்லாத சோதனையில கிடைச்ச கணக்கை வச்சும் அவங்க உங்களைக் கேள்வி கேட்க முடியும்."

"அப்போ உத்தரவுன்னு ஒண்ணு எதுக்கு சார்?"

"அதையே கோர்ட்டுல கேட்போம்" என்றார். கணவர் தயங்கினார். நான் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டேன்.

வழக்கு பதிவானதும் பொருட்களை எடுத்துப்போகச் சொல்லி திருநெல்வேலி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. தவறு ஏதும் கண்டுபிடித்ததாகவும் சொல்லவில்லை, தாங்கள் செய்தது தவறு என்றும் சொல்லவில்லை. எனக்குப் புகார் எதுவும் இல்லை என்று எழுதித் தரச் சொன்னார்கள். பெற்றுக்கொண்டேன் என்று மட்டும் எழுதினேன். ரிட்டர்ன் தாமதத்துக்கான அபராதத்தையும் நாங்களே கட்டினோம்.

திரும்பும்போது பஸ்ஸில் கணவர், "அதான் வந்துட்டுல்லா, விடு" என்றார்.

"எதை விடச் சொல்லுதீங்க?" என்றேன். வழக்கு இன்னும் நடக்கிறது.