எனக்கு புரோகிராம் எழுத வராது, சார்

கணிதத்தில் முதுகலை முடித்துவிட்டு, கணினி அறிவியலில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்திருந்தேன். நேர்காணலுக்கு, காஞ்சிபுரத்தில் பட்டு நெய்யும் அக்கா தறியை நிறுத்திவிட்டுத் துணைக்கு வந்தாள்.

உள்ளே பேராசிரியர், ஊர்களுக்கிடையே மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் முறை ஒன்றைப் பலகையில் எழுதி, "இதுக்கு புரோகிராம் எழுதும்மா" என்றார். நான் பலகையில் இருந்ததை இன்னொரு முறை படித்துப் பார்த்தேன்.

"எனக்கு புரோகிராம் எழுத வராது, சார். ஆனா இந்த முறை எல்லா நேரமும் சரியா வராது. நிரூபிக்கட்டுமா?"

நான்கு ஊர்களைப் புள்ளிகளாக வைத்துக் கோடு போட்டேன். அவருடைய முறை நீண்ட வழியைத்தான் தேர்ந்தெடுத்தது. அவர் எழுந்து வந்து பார்த்துச் சிரித்தார்.

"புரோகிராம் இங்க கத்துக்கலாம். நீ சேர்ந்துடும்மா."

வெளியே அக்கா ஓடி வந்தாள். "இன்னாடி ஆச்சு? ஏன் அழுதுக்கினு வர?"

"கெடச்சிடுச்சுக்கா!"

கணிதத்தைக் கைவிட்டுப் போகிறோமே என்று அதுவரை உறுத்திக்கொண்டிருந்தது. அன்று அதுதான் என்னைக் கைபிடித்து உள்ளே அழைத்துப் போனது.