காத்து இல்லாட்டியும் ஓடும்

எங்கள் வீட்டுக்காரர் அந்தக் காரை வாங்கியபோது என்னிடம் சொன்ன முதல் பெருமை, அதற்கு ஸ்டெப்னி கிடையாது என்பதுதான். இது ஒரு பெருமையா? மதுரை தல்லாகுளத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கிற மனுஷனுக்கு வெளிநாட்டுக் கார் எதற்கு என்று கேட்டுக் கேட்டு என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கோயம்புத்தூரில் ஒருவர் ஓட்டிக் கழித்ததை வாங்கி வந்துவிட்டார். "இது ரன்-ஃபிளாட் டயரு. ஆணி குத்தினாலும் ஓடும், காத்து இல்லாட்டியும் ஓடும்" என்று தெருவில் போகிறவர்களைக்கூட நிறுத்திச் சொன்னார். அந்த டயர் மதுரையில் கிடைக்காது, சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும், ஒன்றின் விலையே கடையின் ஒரு மாத வரும்படி என்பதை மட்டும் மென்று முழுங்கிவிட்டார். ஆனை வாங்கினவர் அங்குசத்தின் விலையை வெளியே சொல்வாரா!

ஆனால் அந்தக் காரால்தான் என் அம்மா கண் ஆபரேஷனுக்குச் சம்மதித்தாள். அவள் பேரையூரில் தனியாக இருந்தாள். இரண்டு கண்ணிலும் புரை. டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றுவாள். அடுப்பு எரிகிறதா என்று உள்ளங்கையை நீட்டிப் பார்ப்பாள். முன்பு தேதி வாங்கியபோதெல்லாம், பஸ்ஸில் வாந்தி வருகிறது என்று பாதி வழியில் இறங்கித் திரும்பிப் போய்விட்டாள். இந்த முறை, "மாப்ள கார்லன்னா வாரேன்" என்று அவளே சொன்னாள். சர்க்கரையும் ஒருவழியாக இறங்கியிருந்தது. காலை பத்து மணிக்குள் மதுரை ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். இதுவும் தவறினால் அவள் இனி வாசற்படி தாண்ட மாட்டாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அம்மாவை ஏற்றிக்கொண்டு கல்லுப்பட்டி தாண்டியதும், ஸ்டியரிங்குக்குப் பின்னால், டயரில் காற்று குறைந்தால் எரிகிற மஞ்சள் லைட் எரிந்தது. இவர் ஓரம் கட்டி இறங்கினார். நம் ஊரில் டயர் பார்ப்பது என்றால் காலால்தான். லாரிக்காரரிலிருந்து கல்யாணக் கார் ஓட்டுகிறவர் வரை நாலு சக்கரத்தையும் ஓர் உதை விடுவார்கள், கால் திருப்பி எகிறினால் காற்று இருக்கிறது என்று அர்த்தம். இவரும் உதைத்தார். "கல்லு மாதிரி இருக்கு. லைட்டுதான் கோளாறு" என்று பிள்ளையார் படத்தை நகர்த்தி அந்த லைட்டை மறைத்துவிட்டு, நேரமாகிவிட்டதென்று காரை வேகமாக விரட்டினார். காற்றில்லாமலே நிற்கிற மாதிரி தடித்த சுவர் வைத்துச் செய்த டயரை உதைத்தால், கல்லு மாதிரி இல்லாமல் பஞ்சு மாதிரியா இருக்கும்? அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லையே!

திருமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தவர் எங்கள் பின் டயரில் ஆணி மின்னுவதைப் பார்த்து எழுந்து வந்தார். காற்று அளக்கும் கேஜை வைத்துப் பார்த்துவிட்டு, "காத்து சுத்தமா இல்லண்ணே. பெறகு எப்படிண்ணே நிக்குது?" என்றார். டியூப் இல்லாத டயருக்கு ஒட்டுகிற சாமான் அவரிடம் இல்லை. கடப்பாரையும் சுத்தியலும் வைத்து அந்த டயரை ரிம்மிலிருந்து அசைக்கக்கூட முடியவில்லை.

இவர் காரை விற்றவருக்கு போன் போட்டார். காற்று இல்லாமல் ஓடும், ஆனால் மெதுவாக, கொஞ்ச தூரம்தான் என்றாராம் அவர். வேகமாக ஓட்டியாகிவிட்டது, இத்தோடு நிறுத்தினால் மெஷின் உள்ள இடத்தில் கழற்றி ஒட்டிப் பார்க்கலாம், இன்னும் ஓட்டினால் உள்ளே நொறுங்கிவிடும், புது டயர்தான் வாங்க வேண்டும் என்றும் சொன்னாராம்.

முகூர்த்த நாள். ஸ்டாண்டில் ஒரு டாக்ஸி இல்லை. ஆட்டோ என்றதும் அம்மா, "அந்தக் குலுக்கலுக்கு எங் கொடலு வெளிய வந்துரும்" என்றாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "பாத்தியா, சகுனம் சரியில்ல. என்னையப் பேரையூர் பஸ்ல ஏத்தி விட்ரு."

"வாந்தி வர்ற பஸ்ஸு இப்ப மட்டும் இனிக்குதாக்கும்!" என்று நடுரோட்டில் கத்திவிட்டேன்.

எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. இவர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். கேட் திறந்து, வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயின. டயர் போனால் போகட்டும், ஓட்டுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவு நாள் அந்தக் காரைத் திட்டிய வாய்தான். அம்மாவோ பஸ்ஸுக்குப் போகும் அவசரத்தில், காருக்குள்ளிருந்தே கதவைத் திறக்கக் கைப்பிடி தேடி, ஜன்னல் கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்தாள். இவர் அதைப் பார்த்தார். அவள் கையைப் பிடித்துச் சீட்டில் சாய்த்து உட்கார வைத்துவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"காத்து இல்லாட்டியும் ஓடும்னுதானே வாங்குனேன். ஓடட்டும்."

திருப்பரங்குன்றம் வருவதற்குள் பின்பக்கம் தடதடவென்று அடிக்க ஆரம்பித்துவிட்டது. ரப்பர் தீயும் நாற்றம் வேறு. "என்ன மாப்ள, கட்ட வண்டி மாதிரி குதிக்குது?" என்று அம்மா கேட்டாள். "ரோடு சரியில்ல அத்தை" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். ஆஸ்பத்திரியில் அன்றைய டோக்கன்களை முடித்துக் கட்டப் போன நேரத்தில் அம்மாவைக் கொண்டுபோய் நிறுத்தினோம்.

அந்த டயரைக் கழற்றியபோது உள்ளேயிருந்து டீத்தூள் மாதிரி கறுப்புப் பொடி கொட்டியது. ஒட்டுவதற்கு ஒன்றுமில்லை. சென்னையிலிருந்து அதே டயரை வரவழைக்கச் சக்தியில்லாமல், மதுரையில் கிடைத்த சாதாரண டயர் ஒன்றை மாட்டினார். கார்ப் பெருமை பேசுவதும் அதோடு நின்றது.

ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த பிறகு, கறுப்புக் கண்ணாடியும் சொட்டு மருந்துமாக அம்மா எங்கள் வீட்டில் இருந்தாள். ஒருநாள் வாசலுக்கு வந்தவள் காருக்குப் பக்கத்தில் நின்று கண்ணாடியைக் கழற்றிவிட்டு உற்றுப் பார்த்தாள்.

"ஏன் மாப்ள, மத்த டயரெல்லாம் கோடு கோடா இருக்கு, இது மட்டும் கட்டம் கட்டமா இருக்கே. கடைக்காரன் ஒங்கள ஏமாத்திப்புட்டானா?"

நான் வாயைத் திறந்தேன். இவர் கையமர்த்திவிட்டார்.

"அந்தக் கோடு அம்புட்டுத் தெளிவாவா தெரியுது அத்தை?"

"பின்ன? தெரியாம என்ன?"

இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அப்ப அந்தப் பக்கத்து டயரையும் பாத்துச் சொல்லுங்க" என்று அவள் கையைப் பிடித்து, காரைச் சுற்றி ஒவ்வொரு டயராகக் காட்டிக்கொண்டு போனார்.