கிள்ளாமல் விட்ட இடம்

செவ்வாய்க்கிழமை காலை, அன்றைய முதல் எண்டோஸ்கோபி ஓடிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. கையுறையோடு எடுக்க முடியாது. முடித்துவிட்டு வெளியே வந்து கூப்பிட்டால், ஸ்டெல்லாவின் கணவர். "ஸ்டெல்லா நம்மள வுட்டுட்டுப் பூட்டாண்ணே" என்றார். உள்ளே இன்னும் நான்கு பேர் வெறும் வயிற்றோடு காத்திருந்தார்கள். வயிற்றைக் காயப்போட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது ஸ்டெல்லா வைத்த சட்டம். நால்வரையும் முடித்த பிறகே மண்ணூர்பேட்டைக்கு, அவள் வீட்டுக்குப் போனேன்.

அம்பத்தூரில் ஒரு சின்ன மருத்துவமனையின் எண்டோஸ்கோபி அறையில் அவள் நர்ஸ், நான் டெக்னீஷியன். பதினெட்டு வருடம் ஒரே மேசையின் இரண்டு பக்கம் நின்றோம். 'அவர்' என்று எழுதினால் விழுந்து விழுந்து சிரிப்பாள், அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன். வாய் வழியாக உள்ளே விடும் குழாயைப் பார்த்ததும் எழுந்து ஓடப்பார்த்த ஒரு தொழிலாளியிடம், "இன்னாண்ணே, லேத்துல இரும்பையே சீவறீங்க, இதுக்குப் போயி பயந்துகினு!" என்றாள். அவர் வெட்கப்பட்டுப் படுத்துக்கொண்டார்.

நெஞ்செரிச்சல் என்று வருகிறவர்களில் சிலருக்கு உணவுக்குழாயின் அடியில் நிறம் மாறியிருக்கும். பார்வைக்கு வெறும் சிவப்பு. துளி சதையைக் கிள்ளி டெஸ்டுக்கு அனுப்பினால்தான், பின்னால் புற்றுநோயாகக்கூடிய மாற்றமா என்று தெரியும். "இதெல்லாம் வெள்ளைக்காரங்களுக்கு வர்றது, நம்ம ஊர்ல அபூர்வம்" என்றார் அப்போதிருந்த டாக்டர். "தேடாதவங்களுக்கு அபூர்வம்தான் சார்" என்றாள் ஸ்டெல்லா. அவர் முறைத்தார். அவள் அசரவில்லை. சாப்பாட்டு நேரங்களில் பழைய ரிப்போர்ட்டுகளை இறக்கிவைத்து ஒவ்வொன்றாக எண்ணினாள். அந்த மாற்றம் இருந்தவர்கள் கூட்டமில்லை, ஆனால் அபூர்வமும் இல்லை. பலருக்குக் கிள்ளியே பார்க்கவில்லை என்பதும் தெரிந்தது. டாக்டர் இறங்கிவந்தார். அதன்பிறகு எனக்குத் தினமும் ஒரே பாட்டு: "கண்ண நம்பாதே அண்ணாத்தே, கிள்ளிப் பாரு."

மாத்திரையில் எரிச்சல் நின்றதும் ரிப்போர்ட் வாங்க வராமல் இருந்துவிடுபவர்களைப் போனில் விரட்டுவாள். நெமிலிச்சேரி ஆட்டோக்காரர் ஒருவர், "நல்லாத்தான் கீறேன் சிஸ்டர்" என்றார். "நீ நல்லா கீறே, உன் ரிப்போர்ட்டு நல்லால்ல. நாளைக்கு வா." வந்தார். அவர் இன்றும் ஆட்டோ ஓட்டுகிறார். அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் என்னைவிடச் சத்தமாக அழுதவர் அவர்தான்.

மூன்று வருடத்துக்கு முன் ஸ்டெல்லாவுக்கே எரிச்சல் வந்தது. நோயாளிகள் போன ஒரு மதியம், வற்புறுத்திப் படுக்கவைத்தோம். நம்ம ஆள் என்பதால் சட்டுபுட்டென்று, நோகாமல் முடிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் எண்ணம். அடியில் ஒரு சிவப்புத் திட்டு தெரிந்தது. கிள்ளும் கம்பியைக் கையில் எடுத்துவிட்டேன். அவள் கண்களில் நீர் வழிய, வேண்டாம் என்று கையை ஆட்டினாள். வேறு யாராவது ஆட்டியிருந்தால் ஸ்டெல்லாவே அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சமாதானம் சொல்லி, கிள்ளவைத்திருப்பாள். "நம்ம சிஸ்டர்தானே, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் டாக்டர். நான் கம்பியைத் திருப்பி வைத்தேன்.

அந்த 'அப்புறம்' வரவேயில்லை. மாத்திரை போட்டாள், எரிச்சல் நின்றது. அவளை விரட்ட யாரும் இல்லை. விரட்டவேண்டிய நான் தினமும் அவள் எதிரில்தான் நின்றேன். சோறு இறங்கமாட்டேன் என்கிறது என்று அவள் சொன்னபோது காலம் கடந்துவிட்டது.

கடைசியாகப் பார்த்தபோது குரல் காற்றாக வந்தது. "வேணாம்னது நான்தானே. நீ இன்னா பண்ணுவே? மனசுல வெச்சுக்காதே அண்ணாத்தே." சரி என்று தலையாட்டினேன். அது பொய்.

ஸ்டெல்லாவை அறிந்தவர்களே, அவள் சிரிப்பையும் கேலியையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவள் கொடுத்த மன்னிப்பு எனக்கு வேண்டாம். அந்தத் தப்பு என்னோடு இருக்கட்டும். அது இருக்கும்வரை, கம்பியைத் திருப்பி வைக்க என் கை போகாது.