வரிசை மாறிய இரண்டு குளங்கள்

பஸ்ஸுக்கு நிற்காமல் ஒட்டுசுட்டானை விட்டு நடந்துகொண்டிருந்தேன். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்ட நான், கைபேசியில் பார்த்துப் பழகிய ஹஸ்கல் என்ற நிரல்மொழியில், விவசாயிகள் சங்கத்துக்கு இரண்டு குளங்களின் நீர்மட்டத்தைப் பதியும் நிரல் எழுதியிருந்தேன். நான் அதில் பயன்படுத்திய பைனரி நூலகம் என்ற ஆயத்த நிரல்தொகுப்பு எண்களை வரிசையாக மட்டுமே சேமிக்கும். எது எந்தக் குளம் என்று எழுதி வைக்காது. மாரி தொடங்கியபோது சங்கத்தின் ஒரு கணினியில் அந்த வரிசையை மாற்றினேன். இரண்டாவது கணினியில் மாற்ற மறந்துவிட்டேன். இரண்டும் ஒரே கோப்பில் எழுதின. எல்லாம் எண்கள்தான் என்பதால் பிழையென்று ஒன்றும் காட்டவில்லை. இரு குளங்களின் அளவுகளும் கலந்துபோனது மாரி முடிந்த பிறகுதான் தெரிந்தது.

நாள்தோறும் சைக்கிளில் போய்க் குளங்களை அளந்து வந்த சங்கத்து அக்கா அலுவலகத்தில் கேட்டார்: "பிரிச்செடுக்க ஏலாதோ தம்பி?"

"ஏலாது அக்கா. எந்தக் கணினியில பதிஞ்சதெண்டு அதில இல்லை."

"அப்ப சிறுபோக விதைப்புக் கூட்டத்தில என்னத்தைக் காட்டுறது? நான் மழையில நனைஞ்ச சட்டையையோ?"

"கொப்பியில எழுதேல்லையோ?"

"கொப்பி வேண்டாம், கணினி இருக்கெண்டு நீதானே சொன்னனீ."

நான் அலுவலகப் பூட்டின் திறப்பை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் காலை புதுக்குடியிருப்பில் விதைநெல் களஞ்சியம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். மூட்டையின் வாயைத் தைக்குமுன் நெல்லின் பெயரைச் சீட்டில் எழுதி உள்ளே போடவேண்டும்.