ரயிலடிச் சேலையின் நிறம்

சூசைமேரி சேலையை மடியில் விரித்து, ஜாக்கெட் துணியை அதன் மேல் போட்டு, கண்களைப் பாதி மூடிக்கொள்கிறார். தலை சற்றே பின்னால் சாய்கிறது. புதிதாகத் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் மயக்கமோ என்று பதறுவார்கள். பழகியவர்கள் பேசாமல் நிற்பார்கள். இமைகளை அந்த அளவுக்கு இறக்கினால் நிறமெல்லாம் வடிந்துபோய் வெளுப்பும் கறுப்பும் மட்டும் மிஞ்சும். “கருப்பு வெள்ளையில நிக்குற துணிதான் கலர்லயும் நிக்கும்” என்பது அவருடைய கட்சி.

ஆவூரில் அவர் வீட்டு முன்னறைதான் தையல் கடை. இந்தக் கட்சியால் ஒருமுறை வம்பும் வந்தது. பச்சைச் சேலையைக் கொடுத்து, “நீங்களே துணி பாத்துத் தைச்சிருங்கக்கா” என்று போனாள் செவந்தி. பாதி மூடிய கண்ணுக்குப் பச்சையும் ரத்தச் சிவப்பும் ஒரே சாம்பலாகத் தெரிய, அச்சு அசல் பொருத்தம் என்று சிவப்பிலேயே தைத்துவிட்டார்.

“என்னயக் கிளியாக்கிட்டீங்களேக்கா. இனிமே சீட்டு எடுக்குறது ஒண்ணுதான் பாக்கி.”

“கருப்பு வெள்ளைப் படத்துல பாத்தா ஒண்ணாத்தான்டி தெரியும்.”

“அப்ப இதப் போட்டுக்கிட்டு நான் படத்துக்குள்ளதான் போயி ஒக்காரணும்.”

வீட்டு டிவியிலும் நிறத்தை அடியோடு குறைத்து வைத்திருக்கிறார். பழைய படம் ஓடாத நேரத்திலும் அப்படித்தான். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற கணவர் பால்ராஜுக்குக் கிரிக்கெட் பார்ப்பது பெரும்பாடு. “எவன் நம்மாளு, எவன் எதிராளுன்னே தெரியல. எவன் அடிச்சாலும் கைதட்டிக்கிட்டு இருக்கேன்” என்பார். ஆனால் ரிமோட்டைத் தொடமாட்டார்.

படங்களின் பெயரை சூசைமேரி சொல்வதில்லை. தாலி படம், கெணத்தடிப் படம், மழைப் படம் என்று அவராக வைத்த பெயர்கள். எல்லாவற்றுக்கும் மேலே ரயிலடிப் படம். விராலிமலைக் கொட்டகையில் பாவாடை தாவணியோடு மணலில் உட்கார்ந்து பார்த்தது. கடைசியில் கதாநாயகி நடைமேடையில் நின்று ஒருமுறை கையசைப்பாள். காற்றில் முந்தானை எழும்பும். கருப்பு வெள்ளைப் படம்தான் என்றாலும் அந்தச் சேலை வாழைக்குருத்துப் பச்சை என்பதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை.

கல்யாணம் பேசி முடித்தபோது, “அந்த ரயிலடிப் படத்துல வர்ற சேல மாதிரி எடுக்கச் சொல்லுங்க” என்று மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார். பால்ராஜும் அந்தப் படத்தைப் பார்த்திருந்தார். திருச்சிக்குப் போய்க் கடை கடையாக ஏறி இறங்கி, மனதில் இருந்ததை அப்படியே எடுத்துவந்தார். வெளிர் ரோஸ்.

சண்டை அன்று தொடங்கியது. தேரோட்டத்தில், பேருந்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில் என்று இன்னும் ஓயவில்லை. வேறு எதற்கோ முகத்தைத் தூக்கிவைத்திருந்தாலும், “என்ன இருந்தாலும் அது ரோஸுதான்” என்று பால்ராஜ் ஆரம்பித்தால் போதும், அடுப்படியிலிருந்து பதில் வந்துவிடும்.

ஊர் ஊராகச் சுற்றிவிட்டுப் போன மாதம் திரும்பிவந்த மகள் சோபியாவுக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. வந்ததும் இந்தச் சண்டையைக் கையில் எடுத்துக்கொண்டாள். கருப்பு வெள்ளைப் படத்துக்குப் போனிலேயே நிறம் ஏற்றலாமாம். ரயிலடிக் காட்சியை எங்கிருந்தோ தேடிப் பிடித்து நிறமும் ஏற்றிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து காப்பி குடிக்கும்போது அறிவித்தாள். “ரெண்டு பேரும் இங்கிட்டு வாங்க. இன்னைக்குத் தீர்ப்பு.”

“அந்தப் போனுக்கு எப்புடித் தெரியும்? என்கூட மணல்ல ஒக்காந்து பாத்துச்சாக்கும்?” என்றார் சூசைமேரி.

“அதுவா கண்டுபிடிச்சுப் போடும்மா. ஒனக்காகத்தான இத்தன மெனக்கெட்டேன்.”

சூசைமேரி டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். பின்னாலேயே பால்ராஜ் தண்ணீர் குடிக்க வந்தார்.

“ஒருவாட்டி பாத்துட்டா கண்ணுல ஒட்டிக்குங்க” என்றார் சூசைமேரி, குரலைத் தாழ்த்தி. “அப்புறம் என் பச்சைய நான் எங்க போயித் தேடுவேன்?”

“பாக்கலன்னா புள்ள மனசு சங்கடப்படும்.”

“அதான் யோசிக்கிறேன்.”

“ஒருவேள ரோஸா இருந்துட்டா?”

“இருந்துட்டா நீங்க ஜெயிச்சுட்டுப் போங்க.”

பால்ராஜுக்கு அது ஏனோ பிடிக்கவில்லை. “ஜெயிச்சுட்டு அப்புறம் என்னத்தப் பேசுறது?” என்று முனகிக்கொண்டே செம்பைக் கவிழ்த்தார்.

“ம்மா, வர்றியா இல்லியா?”

இருவரும் வந்து கட்டிலில் உட்கார்ந்தார்கள். சோபியா போனை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். ரயில் ஊதியது. பால்ராஜ் கண்ணாடியைக் கழற்றி, தூசி என்று சொல்லி, வேட்டி நுனியால் துடைக்கத் தொடங்கினார்.

சூசைமேரி மகளின் கையைத் தன் கையால் தாங்கி, போனை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். ஒரு சேலையை மடியில் விரித்தவர் போலத் தலையைப் பின்னால் சாய்த்து, கண்களைப் பாதி மூடிக்கொண்டார்.