டிபன் பைக்குள் மூன்று கார்டு

மண்ணெண்ணெய் ஸ்டவ் வாசனை வந்தால் இன்றைக்கும் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவேன். சமையல் ஞாபகம் இல்லை... கொதிக்கிற தண்ணீருக்குள் கத்திரியும் இடுக்கியும் மோதிக்கொள்கிற அந்தச் சத்தம்தான் ஞாபகம் வரும்.

எழுபதுகளின் கடைசி. ராசிபுரம் பக்கம் பன்னிரண்டு கட்டில் உள்ள ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். ஆபரேஷன் சாமான்களைக் கொதிக்க வைப்பது என் வேலை. கொதி வந்தபின் இருபது நிமிஷம் விட வேண்டும்.

எங்கள் ஆஸ்பத்திரியில் சாவே கிடையாது என்று ஊரெல்லாம் பெயர். உண்மை வேறு. ஆள் தேறாது என்று தெரிந்ததுமே சொந்தக்காரர்கள் டாக்ஸி வைத்துக் கூட்டிப்போய்விடுவார்கள். உயிர் வீட்டில்தான் பிரிய வேண்டும் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். நாங்களும் ‘வீடு திரும்பினார்’ என்று எழுதிக் கை கழுவிவிடுவோம்.

புதிதாக வந்த டாக்டரம்மாவுக்கு அது பொறுக்கவில்லை.

“நம்ம கேட்டைத் தாண்டிச் செத்தா நம்ம கணக்குல வராதா சிஸ்டர்?”

ஆபரேஷன் முடிந்து போகிற ஒவ்வொருவர் கையிலும், எங்கள் விலாசம் எழுதிய ஒரு போஸ்ட் கார்டைக் கொடுக்க ஆரம்பித்தார். காயம் ஆறியதா, காய்ச்சல் உண்டா என்று ஒரு வாரத்தில் எழுதிப் போட வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்குத் தபால்காரர் எழுதிக் கொடுப்பார். வந்ததை நோட்டில் ஏற்றுவதும், மோசமாக இருந்தால் டாக்டரம்மாவிடம் காட்டி, வரச் சொல்லிப் பதில் எழுதுவதும் என் பொறுப்பு. யாருக்கு என்ன ஆனது, எங்கே தப்பு என்று மாசக் கடைசியில் டாக்டரம்மா உட்கார்ந்து பார்ப்பார்.

முதல் மாசம் வந்த கார்டில் எல்லாம் ‘நலம்’. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த மாசம் ஒரே வாரத்தில் மூன்று கார்டு... மூன்றிலும் சீழ், காய்ச்சல். மூன்று பேருக்கும் ஒரே நாள்தான் ஆபரேஷன். பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கு ஏழு கேஸ். மண்ணெண்ணெய் தட்டுப்பாடு வேறு. கொதி வந்த ஐந்தாவது நிமிஷமே சாமான்களை எடுத்துவிட்டிருந்தேன்.

நோட்டில் மூன்று பேருக்கும் ‘பதில் இல்லை’ என்று எழுதினேன். கார்டுகளை டிபன் பைக்குள் வைத்து மூடினேன்.

இரண்டு பேர் உள்ளூரிலேயே ஊசி போட்டுத் தேறிவிட்டார்கள். மூன்றாவது பாவாயி. சேந்தமங்கலம் பக்கம் காட்டு வேலை செய்கிறவர், வயிற்றுக் கட்டி எடுக்க வந்தவர். பத்து நாள் கழித்து அவர் வீட்டுக்காரர் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார். தொட்டால் நெருப்பு.

“ஏன் இத்தனை நாள் வீட்டுலயே வெச்சிருந்தீங்க?” என்று டாக்டரம்மா சத்தம் போட்டார்.

“கார்டு எழுதிப் போட்டமுங்க. வரச் சொல்லி நீங்க எழுதுவீங்கன்னு தெனமும் தபால்காரரப் பாத்துட்டே இருந்தமுங்க.”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். “கார்டு வந்துச்சா சிஸ்டர்?”

“இல்லீங்க டாக்டர்.”

“தபால்ல தவறியிருக்குமுங்க,” என்றார் அந்த மனிதர். “சிஸ்டரு பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க?”

எனக்காகப் பரிந்து பேசினார்... என்னிடம் ஏமாந்த மனிதர். அவமானத்தில் கூசிப்போய் நின்றேன்.

மறுநாளே, “உசுரு இருக்கறப்பவே ஊட்டுக்குக் கொண்டு போயிர்றமுங்க” என்று கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது எனக்கும் ஒரு கும்பிடு. இரண்டு நாளில் பாவாயி இறந்த சேதி வந்தது. எங்கள் ரிஜிஸ்டரில் ‘வீடு திரும்பினார்’.

அதற்குப் பிறகு கடிகாரத்தைப் பார்த்துத்தான் கொதிக்க வைத்தேன். அதனால் பாவாயிக்கு என்ன? டாக்டரம்மா வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். பதிலே சரியாக வருவதில்லை, வீண் வேலை என்று மேனேஜர் கார்டையும் நிறுத்திவிட்டார். அதற்கு ஆதாரமாக அவர் காட்டியது, ‘பதில் இல்லை’ என்று நான் எழுதிய நோட்டை.

போன மாசம் எனக்கு முட்டி ஆபரேஷன். ஆஸ்பத்திரியிலிருந்து வாரா வாரம் ஒரு பெண் போன் பண்ணி விசாரிக்கிறது.

“சும்மா கடமைக்குக் கேக்கறாங்கம்மா, கட் பண்ணு” என்கிறாள் என் மகள். அவளுக்கு நான் இதைச் சொன்னதே இல்லை. இன்றைக்குத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதல் ரிங்கிலேயே எடுத்துவிடுவேன்.

“வீக்கம் இன்னும் வத்தல சாமி. எழுதிக்கிட்டயா?”

“எழுதிட்டேன்மா.”

“என்ன எழுதுன? ஒருக்கா படிச்சுக் காட்டு.”

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே படித்துக் காட்டுகிறது.